மனித உருவப் பானையை வாசிப்பது எப்படி? கற்கால உழவர்களின் மண் உருவங்களில் புனிதம் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

உக்ரைனில் நீஸ்டர் ஆற்றங்கரையில் லூக்கா-வ்ருப்லிவெட்ஸ்கா என்றோர் ஊர். 1940களின் இறுதியில் செர்கேய் பிபிகோவ் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டினார். கைக்குள் அடங்கும் சுடுமண் பெண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. எல்லாம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. அவற்றின் உடைந்த பக்கங்களை உற்றுப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது: மண்ணோடு தானியமும் மாவும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். சுட்டபோது தானியம் எரிந்துபோய், அது இருந்த குழி மட்டும் மண்ணில் தங்கிவிட்டது.

பானை மண்ணில் உமி, வைக்கோல் கலப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். சுடும்போது வெடிக்காமல் இருக்க அது உதவும். ஆனால் உண்ணும் தானியத்தை, அதுவும் பாடுபட்டு அரைத்த மாவை, விரல் நீள உருவம் ஒன்றுக்குள் வைத்துப் பிசைய எந்தத் தொழில் காரணமும் இல்லை. செய்து முடித்தபின் அது வெளியே தெரியவும் தெரியாது. செய்தவருக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் மட்டும் தெரிந்த காரியம்.

இந்த ஒரு செய்தியைப் படித்த நாளிலிருந்து மண் உருவங்களை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது. இணையத்தில் இப்படிப்பட்ட படங்கள் நிறைய உலவுகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே 'தாய்த் தெய்வம்' என்று ஒரே வரி. சாய்சதுரம் என்றால் வயல், அலைக்கோடு என்றால் நீர், சுருள் என்றால் பாம்பு என்று ஓர் அகராதியும் கூடவே வரும். அந்த அகராதியை நான் நம்புவதில்லை. மண்ணை எப்படிப் பிசைந்தார்கள், உருவத்தை எங்கே வைத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், எப்போது உடைத்தார்கள் என்பதில்தான் புனிதம் தடம் விட்டுச் செல்கிறது. அந்தத் தடத்தைப் பிடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தென்கிழக்கு ஐரோப்பாவையும் துருக்கியையும் சேர்ந்தவை. உழவு தொடங்கிய காலத்து மனித உருவ மட்கலங்கள் அவ்வளவு செழிப்பாகக் கிடைத்த நிலம் அது.

முதல் படி: அசலா என்று கேளுங்கள்

துருக்கியின் தென்மேற்கில் ஹஜிலார் என்ற மேட்டை ஜேம்ஸ் மெல்லார்ட் 1957 முதல் 1960 வரை தோண்டினார். சிவப்பு வண்ணக் கோலங்கள் போட்ட அழகிய கலங்களும் பெண் உருவங்களும் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் 'ஹஜிலார் பாணி' மனித உருவக் கலங்கள் கலைச்சந்தையில் வந்து குவிந்தன. இரண்டு தலைகள் உடையவை, எரிமலைக் கண்ணாடியில் கண்கள் பதித்தவை என்று ஒன்றைவிட ஒன்று வியப்பாக இருந்தன. பெரிய அருங்காட்சியகங்களே வாங்கின.

ஆக்ஸ்ஃபோர்டில் வெப்ப ஒளிர்வு முறையில் இவற்றைச் சோதித்தார்கள். சுட்ட மண்ணில் உள்ள கனிமங்கள், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கும். சூளையில் ஏறும்போது அந்தக் கணக்கு பூஜ்யமாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆய்வகத்தில் சூடாக்கினால் சேர்த்ததை ஒளியாக விட்டுவிடும். ஒளி எவ்வளவு என்பதை வைத்து, கடைசியாக எப்போது சுட்டது என்று சொல்லிவிடலாம். 1971இல் முடிவு வெளியானது. சோதித்த 66 பொருள்களில் 48 போலி.

அந்தப் போலிகளை வைத்து எத்தனை பேர் எவ்வளவு பொருள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஆகவே ஓர் உருவத்தைப் பார்த்ததும் அது அகழாய்வில் எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று முதலில் தேடுங்கள். 'தனியார் சேகரிப்பு' என்று மட்டும் இருந்தால் ரசியுங்கள், முடிவு கட்டாதீர்கள்.

அசலிலும் எது அசல் என்று பாருங்கள். துருக்கியின் சத்தல்ஹூயுக் என்ற பழைய ஊரில் 1961இல் கிடைத்த, இரு பக்கமும் பெரும் பூனை விலங்குகள் நிற்க நடுவில் அமர்ந்த பெண்ணின் உருவம் உலகப் புகழ் பெற்றது. அதன் தலை பழையது கிடையாது. பின்னால் சீரமைத்தபோது செய்து பொருத்தியது. அந்த முகத்தின் பார்வையைப் பற்றி எழுதுபவர் நம் காலத்துக் கைவேலையைப் பற்றித்தான் எழுதுகிறார்.

இரண்டாம் படி: எங்கே கிடந்தது?

வடிவத்தைவிட இடம் அதிகம் பேசும்.

இப்போது சொன்ன அதே சத்தல்ஹூயுக் உருவம் தானியக் குதிருக்குள் கிடந்தது. ருமேனியாவின் பொடூரியில், டான் மோனா அகழ்ந்த வீடொன்றில், ஒரு கலத்துக்குள் 21 சிறு பெண் உருவங்களும் 13 குட்டி நாற்காலிகளும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கி.மு. ஐந்தாம் ஆயிரமாண்டின் தொடக்கக் காலம். 15 உருவங்கள் பெரியவை, செங்காவிக் கோடுகள் தீட்டியவை. மற்ற ஆறும் சிறியவை, அலங்காரம் இல்லாதவை. பெரியவற்றை நாற்காலியில் உட்கார்த்தலாம்.

இதை மட்டும் வைத்து ஏதாவது சொல்வது கடினம். ஆனால் அதே ருமேனியாவில் இசையா என்ற வேறோர் ஊரில், அதே பண்பாட்டுக் காலத்தில், மறுபடியும் 21 உருவங்கள், 13 நாற்காலிகள். ஒருமுறை வந்தால் தற்செயல் எனலாம். ஒரே எண்ணிக்கை இரண்டு ஊரில் வந்தால், மக்கள் மனத்தில் ஒரு விதி இருந்திருக்கிறது என்று பொருள். இத்தனை வேண்டும், இதில் இத்தனை பேருக்கு இருக்கை வேண்டும் என்ற விதி. அந்த விதி எதைக் குறித்தது என்று நமக்குப் பிடிபடாவிட்டாலும், விதி இருந்தது என்பதே பெரிய செய்தி. விளையாட்டுப் பொம்மைக்கு ஊர் தாண்டி ஊர் எண்ணிக்கை ஒத்துப் போவதில்லை.

உக்ரைனின் சபாட்டினிவ்காவில் இன்னொரு காட்சி. ஒரு கட்டடத்துக்குள் மண்ணால் போட்ட திண்ணை, அதன்மேல் 16 உருவங்கள். அதே கட்டடத்தில் அடுப்பும் அரைகற்களும் இருந்தன. கோயில் என்று தனியாக ஒன்றைத் தேடிப் போக வேண்டாம். அரைப்பதும் சுடுவதும் நடந்த இடத்திலேயே உருவங்களும் இருந்தன.

சரி, குப்பையில் கிடைத்தால்? 2007இல் சத்தல்ஹூயுக்கின் குப்பைமேட்டில் ஒரு முகப்பானை துண்டு துண்டாகக் கிடைத்தது. இரு பக்கம் மனித முகம், இரு பக்கம் காளைத் தலை. குப்பையில் கிடந்ததால் புனிதமற்றது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். புரவி எடுப்பு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வேளார் செய்த மண் குதிரையை மேளதாளத்தோடு அய்யனாரிடம் கொண்டுபோய் விடுகிறோம். அப்புறம் அது வெயிலிலும் மழையிலும் உடைந்து ஓடாகிப் போகும். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. துருக்கியின் அந்தப் பழைய உழவர்களுக்கும் நமக்கும் இதில் எந்த உறவும் இல்லை. ஒரு பொருள் சில நாள் மட்டும் புனிதமாக இருக்க முடியும் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

மூன்றாம் படி: பானையின் உடலையும் மனித உடலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்

இந்தப் படியில் பொறுமையாக நில்லுங்கள். இதில்தான் விஷயம் அதிகம்.

தமிழில் பானைக்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, வயிறு உண்டு. பானையை உடலாக நினைப்பது நமக்குப் பேச்சிலேயே வந்துவிடும். அந்த உழவர்களின் மொழி அழிந்துவிட்டது, அதில் என்ன சொற்கள் இருந்தன என்று அறிய வழியில்லை. ஆனால் கையால் அதையே சொல்லியிருக்கிறார்கள். மனித உருவக் கலம் கிடைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த உறுப்பு கலத்தின் எந்தப் பகுதியாக இருக்கிறது? உள்ளே போட்டது எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வருகிறது? கலம் மூடியிருக்கும்போது அது யார், திறந்திருக்கும்போது யார்?

புகாரெஸ்ட் நகருக்குத் தெற்கே வித்ராவில் தினு ரொசெட்டி 1930களில் கண்டெடுத்த கலம் சுமார் 42 சென்டிமீட்டர் உயரம். குமெல்நிட்சா பண்பாட்டைச் சேர்ந்தது. பெண்ணின் உடலே கலம், கைகள் வயிற்றின்மேல். பானைக்குள் சேமித்து வைக்கும் இடமும் அந்த உடலின் வயிறும் ஒன்றாகிவிட்டன. கைகள் நம் கண்ணை நேரே அங்கே கொண்டுபோகின்றன.

பெல்கிரேடுக்கு அருகே உள்ள வின்சாவில் மிலோயே வாசிச் 1908இல் தோண்டத் தொடங்கினார். அங்கே கிடைப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை முகம் வைத்த பானை மூடிகள். பெரிய கண்கள், புருவம், மூக்கு, காதுபோல் இரண்டு முனைகள். சிலர் ஆந்தை என்பார்கள், சிலர் பூனை என்பார்கள், சிலர் முகமூடி போட்ட மனிதர் என்பார்கள். மூடியை எடுத்தால் கீழே இருப்பது வெறும் பானை. வைத்தால் முகமும் உடலும் கொண்ட ஓர் ஆள் வந்துவிடுகிறார். திறப்பதும் மூடுவதும் ஒருவரைக் கூப்பிடுவதுபோலவும் அனுப்பி வைப்பதுபோலவும் ஆகிவிடுகிறது. வின்சா முகங்களில் பெரும்பாலும் வாய் கிடையாது. இந்த மூடிகளைப் பொறுத்தவரை, பானைக்கே வாய் இருப்பதால் முகத்துக்குத் தனியாக வேண்டாம் என்று விட்டிருக்கலாம் என நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் இந்த மாதிரிக் கேள்வி, படத்தை மட்டும் பார்த்தால் எழாது. மூடியைக் கையில் எடுத்துத் திறப்பதாக நினைத்துப் பார்த்தால்தான் எழும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு வேறு நிலத்திலிருந்து. இஸ்ரேலின் வடக்கு நெகேவில் கிலாட் என்ற இடம், செம்புக்கற்காலம். டேவிட் அலோன் 1970களில் தோண்டியபோது கிடைத்த பெண் உருவக் கலம் சுமார் 31 சென்டிமீட்டர் உயரம். இருக்கையில் அமர்ந்திருக்கிறாள். உடலில் சிவப்புக் கோடுகள். தலைமேல் பால் கடையும் கலம், அதைக் கையால் பிடித்திருக்கிறாள். அந்தக் காலக் கடைகலம் நம்மூர் மத்துப்பானை போன்றது கிடையாது. இரு முனையிலும் காது வைத்த நீளக் கலம். தோல்பையைப் பார்த்துச் செய்த வடிவம். கயிற்றில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அவளோடு ஒரு செம்மறிக் கடா உருவமும் கிடைத்தது, அதன் முதுகில் மூன்று கூம்புக் குவளைகள்.

இதில் கவனியுங்கள்: அவளே உள்ளீடற்ற கலம். அவள் சுமப்பதும் கலம். கலத்தைச் சுமக்கும் கலம். ஆடும் பாலும் வாழ்வின் நடுவே வந்துவிட்ட ஒரு சமூகம், பாலை வேறொன்றாக மாற்றும் பாத்திரத்தைப் பெண்ணின் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறது. தெய்வமா, பூசை செய்பவளா, ஏதோ கதையில் வரும் பெண்ணா, தெரியாது. ஆனால் சேர்த்து வைப்பதும் மாற்றித் தருவதும் உடலின் வேலை என்று நினைத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல அகராதி எதுவும் வேண்டாம். கலமே சொல்கிறது.

நான்காம் படி: செய்முறையைப் பின்னோக்கிப் போங்கள்

தொடக்கத்தில் சொன்ன தானிய மண் இந்தப் படியைச் சேர்ந்தது. உடைந்த விளிம்பு தெரியும் படம் கிடைத்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். இந்தப் பண்பாடுகளில் சில உருவங்களை இரண்டு பாதிகளாகச் செய்து நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே உருண்டையில் செய்வதைவிட இது அதிக வேலை. கால்கள் ஒட்டிய கோடு வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்களா, பூசி மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நன்றாகச் சுட்டதா, அரைகுறையாகச் சுட்டதா என்பதும் முக்கியம். வீட்டில் புழங்கும் கலத்துக்குக் கொடுத்த அக்கறை உருவத்துக்குக் கொடுக்கப்பட்டதா என்பதை அது காட்டும். அக்கறை குறைவு என்றால் மதிப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே செய்து அன்றைக்கே பயன்படுத்த வேண்டியதாகவும் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: அலங்காரம் உடையா, தோலா, குறியா?

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். உடலில் ஒரு கோடு தெரிந்தால் அது குறியீடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

ஹங்கேரியில் ஹோட்மெசோவாஷார்ஹெய் அருகே கொக்கேண்தொம்ப் என்ற மேட்டில் யானோஷ் பன்னர் அகழ்ந்தெடுத்த அமர்ந்த பெண் கலத்தைப் பாருங்கள். திசா பண்பாடு, ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுப் பழமை. உடல் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கீறல்கள், மடங்கி மடங்கிச் செல்லும் கோடுகள். முதல் பார்வையிலேயே நெய்த துணி என்று தோன்றும். திசா பண்பாட்டின் மனித உருவமில்லாத சாதாரணக் கலங்களிலும் இதே துணிக்கோலம் உண்டு. அப்படியானால் பெண் உருவத்துக்கு உடை போட்டதுபோல் பானைக்கும் உடை போட்டிருக்கிறார்கள். பானையும் ஓர் ஆள்தான் என்ற நினைப்பு முகமில்லாத கலத்திலும் இருந்திருக்கிறது. எனக்கு இது 'நீரின் குறியீடு' என்று எழுதிவிட்டுப் போவதைவிடப் பல மடங்கு ஆழமாகத் தெரிகிறது.

தோலாகவும் இருக்கலாம். தென்கிழக்கு ஐரோப்பாவின் புதிய கற்கால ஊர்களில் சுடுமண் முத்திரை அச்சுகள் கிடைக்கின்றன. துணியிலோ உடம்பிலோ வண்ணம் அச்சிட அவை உதவியிருக்கும் என்பது பலர் கருத்து. உருவத்தின் வயிற்றிலும் தொடையிலும் வரும் சுருள்கள், உயிருள்ள மனிதர்கள் விழாவுக்குப் போட்டுக்கொண்ட வண்ணமாக இருக்க வாய்ப்பு நிறைய.

அப்புறம்தான் குறி. தொடக்கத்தில் சொன்ன லூக்கா-வ்ருப்லிவெட்ஸ்கா குக்குட்டேனி-திரிப்பில்லியா பண்பாட்டைச் சேர்ந்த ஊர். அந்தப் பண்பாட்டின் தொடக்கக்கால உருவங்கள் சிலவற்றில், வயிற்றின்மேல் ஒரு சாய்சதுரம். அதை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. 1960களில் அம்ப்ரோஸ், ரிபகோவ் ஆகிய சோவியத் அறிஞர்கள் இதை விதைத்த வயல் என்று வாசித்தார்கள். பிற்காலக் கிழக்கு ஸ்லாவியப் பின்னல் வேலைகளில் வரும் கோலங்களை இதனோடு ஒப்பிட்டார்கள். ஆறாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை ஒரு துணிப் பின்னலால் கட்ட முடியாது. ஒப்பீடு பலவீனம். ஆனால் வாசிப்பைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. அதே பண்பாட்டில், அதே காலத்தில், அதே மாதிரி உருவங்களின் உடலுக்குள் தானியம் கலந்திருந்ததே. வெளியே புள்ளி, உள்ளே தானியம். பின்னலைவிட அந்த மண்தான் இந்த வாசிப்புக்குப் பலமான சாட்சி.

தொல்லியலாளர் மரியா கிம்புட்டாஸ் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த உருவங்களைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்காமல், ஒரு முழு உலகப் பார்வையாக எடுத்துக்கொண்டு உழைத்தவர் அவர். நம்மில் பலர் இவற்றைப் பார்த்ததே அவரால்தான். வி-வடிவக் கோடுகள் பறவைத் தெய்வம், வளைகோடுகள் நீர் என்று ஆயிரக்கணக்கான மைல், ஆயிரக்கணக்கான ஆண்டு தாண்டி ஒரே பொருள் சொன்னதில்தான் அவரோடு நான் பிரிகிறேன். ஒரே கோட்டுக்கு இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு பொருள் இருந்திருக்கும்.

ஆறாம் படி: எல்லாம் பெண்தானா?

இல்லை. ஹங்கேரியின் செக்வாரில் கிடைத்த, சுமார் 25 சென்டிமீட்டர் உயரமுள்ள அமர்ந்த ஆண், தோளில் அரிவாள் போன்ற ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார். கையில் வளையங்கள். ஆணா பெண்ணா என்று காட்டாமலே விட்ட உருவங்களும் ஏராளம். மார்பு, பிறப்புறுப்பு என்று எதுவும் இல்லாததை 'பெண்' என்ற பெட்டியில் போடாதீர்கள். எண்ணிப் பார்த்து, எத்தனை எது என்று எழுதுங்கள்.

ஏழாம் படி: உடைவைப் படியுங்கள்

பல்கேரியாவின் தொல்னோஸ்லாவில் ஏறக்குறைய 500 உருவங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை உடைந்தவை. தொல்லியலாளர் ஜான் சாப்மன் இதையொட்டி ஒரு வாதம் வைத்தார்: வேண்டுமென்றே உடைத்து, துண்டுகளைப் பகிர்ந்துகொண்டார்கள், துண்டு வைத்திருப்பவர்களை அந்த உடைவு ஒன்றாகக் கட்டியது என்று. எல்லா உடைவுக்கும் இது பொருந்தாது. கழுத்து மெலிந்த இடம், தானாகவே உடையும். ஆகவே சோதிக்க வேண்டியவை இவை: தடித்த இடத்தில் உடைந்திருக்கிறதா? உடைந்த விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா, அதாவது உடைந்த பிறகும் யாரோ வைத்திருந்தார்களா? மறுபாதி அதே ஊரில் கிடைத்ததா? ஊர் முழுக்கத் தோண்டியும் மறுபாதி இல்லையென்றால், அது வேறு யார் கையிலோ போயிருக்கிறது.

எட்டாம் படி: இப்போது நீங்களே ஒன்றை வாசியுங்கள்

பயிற்சிக்கு நான் எப்போதும் சொல்வது ஃப்ருமுஷிக்கா கலம்தாங்கி. ருமேனியாவின் நியாம்ட்ஸ் மாவட்டத்தில் கான்ஸ்டன்டின் மட்டாசா கண்டெடுத்தது. இப்போது பியட்ரா நியாம்ட்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு பெண் உடல்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நிற்கின்றன, முதுகு நம்மைப் பார்த்து. உடல்களுக்கு நடுவே இடைவெளிகள். இதை 'ஹோரா' என்று அழைக்கிறார்கள். ருமேனியர்கள் கைகோத்து ஆடும் வட்ட நடனத்தின் பெயர் அது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி எழுதுங்கள். முதலில் கண்ணால் காண்பது மட்டும்: ஆறு உடல், வட்டம், முதுகு வெளியே, தலைகள் தனித்தனியாக இல்லை. 'நடனம்' என்ற சொல்லை இந்தப் பத்தியில் விடாதீர்கள். அது இருபதாம் நூற்றாண்டு வைத்த பெயர், கால்கள் ஆடுகின்றன என்று மண்ணில் எங்கும் இல்லை.

இரண்டாவது பத்தியில், உறுதியாகச் சொல்லக்கூடியது: இது தாங்கி. மேலே ஒரு கலம் உட்கார வேண்டும். இதே வகைத் தாங்கிகள் இதைச் செய்த குக்குட்டேனி-திரிப்பில்லியா பண்பாட்டில் வேறு இடங்களிலும் கிடைத்துள்ளன, ஆகவே ஒருவருடைய தனி ரசனை இல்லை. ஆறு பேரும் ஒரே அளவு, ஒருவர் உயர்ந்தவர் என்று யாரும் இல்லை. பொடூரியில் பெரியவர், சிறியவர் என்ற பிரிவு இருந்ததே, அதை இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது பத்தி உங்கள் ஊகத்துக்கு. என் நோட்டில் எழுதியிருப்பது இது: தலை இருக்க வேண்டிய உயரத்தில் கலம் வந்து அமர்கிறது. ஆறு உடலுக்கும் சேர்த்து ஒரே வயிறு, ஒரே வாய். சுமப்பவர்கள் உள்ளே பார்த்து நிற்கிறார்கள், நம்மைப் பார்த்து இல்லை. ஆகவே இது வெளியாள் பார்க்கச் செய்த உருவம் இல்லை, வட்டத்துக்குள் நடக்கும் ஏதோ ஒன்றைக் காப்பதற்காகச் செய்தது.

உங்கள் ஊகம் வேறாக இருந்தால் நல்லதுதான். அதன் கீழே ஒரு வரி விட்டு, அந்தத் தாங்கியின்மேல் இருந்த கலத்தில் என்ன ஊற்றியிருப்பார்கள், என்ன கொட்டி வைத்திருப்பார்கள் என்ற கேள்வியையும் எழுதி வையுங்கள்.